பதினேழாம் தொட்டியின் நீலக் கறை

மூக்கம்மாளைப் போல வாயை மூடி வைத்திருக்கக்கூடிய மனுஷி ஆசியாக் கண்டத்திலேயே கிடையாது. ராணுவ ரகசியங்களை டில்லியில் எதற்காக இரும்புப் பெட்டியில் பூட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு பழைய வேட்டியில் முடிந்து மட்டாஞ்சேரி வெளுப்புக் களத்துக்கு அனுப்பினால் போதும். பதினேழாம் தொட்டியில் ஊறி, கல்லில் அடிபட்டு, கஞ்சி குடித்து, இஸ்திரி மடிப்போடு திரும்பி வந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், "துணி இருந்துச்சு" என்பாள். அரபிக்கடலுக்கும் மனசில் ஏதோ பாரம் இருக்கிறது. அதை அவளிடம் இறக்கி வைக்கலாமென்றுதான் தினம் இரண்டு தடவை காயலுக்குள் ஏறி வருகிறது, கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறது.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வெளுப்புக் களத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு தொட்டிகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு கல், நாலு வரிசைக் கயிறு. கயிறு இரட்டையாக முறுக்கியது. துணியின் முனையை அந்த முறுக்கின் இடுக்கில் செருகிவிட்டால் கிளிப்பே வேண்டாம். அவள் புருஷன் பிச்சை இறந்து ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு தொட்டியும் கல்லும் கயிறும் அவள் பேரில். உதவிக்கு அக்கா மகள் சுபாஷிணி. பதினேழு வயது. பிளஸ் டூவில் பாதியைத்தான் படித்தாள். மீதிப் பாதி இன்னும் பள்ளிக்கூடத்திலேயே கிடக்கிறது. இதை எழுதுகிறவளும் அவள்தான், என்றாலும் இது அவளைப் பற்றியது இல்லை.

துணி வெளுக்கிறவர்களுக்கு ஊர் சங்கதி தெரியாமல் இருக்க வழியில்லை. யார் வீட்டில் இரண்டு தலையணை உறை ஒன்றாகக் குறைந்தது, எந்த வாத்தியார் சட்டைப் பையில் லாட்டரிச் சீட்டை மறந்து துணி போடுகிறார், பகலெல்லாம் சிரிக்கிற எந்த அம்மாளின் தலையணையில் கண்மை கரைந்து கிடக்கிறது, எல்லாம் துணியில் எழுதியிருக்கும். மூக்கம்மாள் அதைப் படிப்பாள். படித்ததைச் சோப்பு போட்டு அலசிவிடுவாள்.

இதில் குறி என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒவ்வொரு வாடிக்கைக்கும் துணியின் ஓரத்தில், அழியாத மையில் ஓர் அடையாளம். இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் ஒரு வீடு. ஒரு வட்டமும் வாலும் இன்னொரு வீடு. மற்ற ஊர்களில் அவரவர் குறி அவரவருக்கு மட்டும்தான் தெரியுமாம். இந்தக் களத்தில் குறி பொது. மழைக்காற்றில் ஒருத்தர் துணி இன்னொருத்தர் கயிற்றுக்குப் பறந்துவிட்டால் வீடு திரும்ப வேண்டுமே, அதற்காக முன்னாலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும் யாருடையது என்று நாற்பத்திரண்டு தொட்டிக்கும் தெரியும். வெளியாள் பார்த்தால் கொசு மிதித்த மாதிரி இருக்கும்.

களத்துக்கு வாட்ஸப் குழு வந்தது மோட்டார் ரிப்பேருக்காக. இன்றைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று கேட்கத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ வந்தது, காணாமல் போன லுங்கி வந்தது. அப்புறம் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். துணி போடுகிற ஒன்பது ஹோட்டல்களிலிருந்து ஒன்பது பேர் உள்ளே நுழைந்தார்கள், அதில் ஒருவர் அட்மினாகவும் ஆனார். அவர் பெயர் ஹரிநாராயணன். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை இடித்துக் கட்டிய பெரிய ஹோட்டலில் துணிமணிக்கு அவர்தான் பொறுப்பு. பாலக்காட்டுத் தமிழ், மடிப்புக் கலையாத சட்டை, குரலில் எப்போதும் ஒரு நோட்டீஸ்.

அவர் வந்த வாரமே ஒரு சட்டம் போட்டார். கறை உள்ள துணி வந்தால் வெளுப்பதற்கு முன்னால் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். கறை ஹோட்டலில் பட்டதா, களத்தில் பட்டதா என்ற சண்டை இனிமேல் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் யாரோ ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்பைப் போட்டார்கள். அதன் கீழே ஆண்பிள்ளைகள் பதினாறு பேர் சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக வைத்தார்கள். மூக்கம்மாள் பார்த்தாள். போனைப் பால் கவருக்குள் போட்டு, தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டி, திரை சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிவிட்டாள்.

"சித்தி, நாமளும் ஒரு போட்டோ போட்டா என்ன? இல்லாட்டி அந்த ஆளு விடாது" என்றாள் சுபாஷிணி.

"கறையைப் படம் பிடிச்சு ஊருக்குக் காட்ட இது என்ன மஞ்சத்தண்ணிக் கல்யாணமாடி? கறை வந்தா கழுவணும். அதுக்குத்தான் கூலி."

சுபாஷிணி தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஹரிநாராயணன் முகத்தை ஒரு அழுக்குக் காலரில் ஒட்டி ஸ்டிக்கர் செய்து, யாரோ ஒரு பெரியம்மாவின் போனிலிருந்து குழுவில் பறக்கவிட்டாள். அதனால் தேசத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தப் பெரியம்மா மட்டும் இரண்டு நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மூக்கம்மாளுக்கு நிம்மதி போயிற்று. ஆணியில் தொங்குகிற போன் ஒவ்வொரு தடவை முனகும்போதும் ஓங்கிய துணி அந்தரத்தில் நிற்கும். யார் துணி, யார் வீட்டுச் சங்கதி என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்க்க மாட்டாள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. அவள் இப்படித் துடித்ததற்கு ஒரு வெள்ளைக் கோட்டுதான் காரணம்.

ஹரிநாராயணனின் ஹோட்டலில் இரண்டாம் சமையல்காரன் ரமேஷ்பாபு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன், முப்பத்திரண்டு வயது. குறி, மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும். சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது ஹோட்டல் கட்டளை. செவ்வாயும் வெள்ளியும் வருகிற அவன் கோட்டில், இடது முழங்கையின் உள்பக்கம் ஒரு நீலக் கறை இருக்கும். பக்கத்தில் கடுகு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். பார்க்கிறவர்கள் பேனா மை என்பார்கள். வெளுக்கிறவர்களுக்குத் தெரியும், ஊசி குத்திய இடத்தில் தடவுகிற பழுப்பு மருந்து கஞ்சி போட்ட துணியில் பட்டால் நீலமாக மாறும் என்று. மூக்கம்மாளுக்கு அதற்கு மேலும் தெரியும். பிச்சையின் சட்டைகளில் இரண்டு வருஷம் அதே இடத்தில், வாரத்துக்கு இரண்டு தடவை, அதே கறையை அவள் வெளுத்திருக்கிறாள். டயாலிசிஸ்.

முதல் மாதமே அவள் கோட்டின் பையில் பழைய பருத்தித் துணிப் பட்டை ஒன்றை மடித்து வைத்து அனுப்பினாள். மறுநாள் ரமேஷ்பாபு களத்துக்கு வந்து நின்றான்.

"அக்கா, இது எதுக்கு?"

"பிளாஸ்திரிக்கு மேல ரெண்டு சுத்து சுத்திக்கோ. ஒத்தைக் கையால கட்டலாம். கசியாது."

அவன் பட்டையைப் பைக்குள் திணித்தான். "அக்கா, யார்கிட்டயும்..."

"என்ன யார்கிட்டயும்? துணி இருந்துச்சு, வெளுத்தேன்."

பிறகு அவனே சொன்னான். அவன் அக்கா பாண்டிச்செல்வி ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறாள். ஆஸ்பத்திரியில் ஆவணி மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். செலவெல்லாம் ஹோட்டல் கொடுத்த இன்சூரன்ஸ் கார்டில். வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கார்டு. போன வருஷம் ஒரு வெயிட்டருக்கு இழுப்பு என்று தெரிந்ததும் மறு வாரமே, "நீ ரெஸ்ட் எடு" என்று மொத்தமாக அனுப்பிவிட்டார்களாம். அதனால் திங்களும் வியாழனும் மத்தியானம் இந்தி வகுப்புக்குப் போவதாக இவன் சொல்லி வைத்திருக்கிறான். எட்டு மாசமாக இந்தி படித்தும், வடக்கேயிருந்து வருகிற விருந்தாளியைப் பார்த்தால் அடுப்புக்குப் பின்னால் ஒளிகிறான் என்று சமையலறையில் கேலி.

ஆவணிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஹரிநாராயணனின் குரல் குழுவில் வந்தது.

"மூக்கம்மா, கேட்டேளா? எல்லாத் தொட்டியிலேர்ந்தும் ஃபோட்டோ வரது. பதினேழுலேர்ந்து மட்டும் ஒண்ணும் காணும். கறை உள்ள துணி உங்களுக்கு மட்டும் வராதாக்குமோ? நாளை மத்தியானத்துக்குள்ளே வரலேன்னா, நான் மெஷின் லாண்டரிக்காராளோட சம்சாரிச்சு, பேசி முடிச்சுக்கறேன். அப்பறம் எங்கிட்ட சங்கடம் சொல்லப்படாது."

அந்த ஹோட்டல் போனால் பதினேழாம் தொட்டியில் பாதித் தண்ணீர் வற்றிய மாதிரி. மூக்கம்மாள் இரண்டு தடவை கேட்டாள். ஏற்கெனவே அலசிய துணியை எடுத்து மறுபடி அலசினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, குவியலின் மேலே கிடந்த ஒரு வெள்ளைக் கோட்டை மூக்கம்மாள் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். முகம் இல்லை, பேர் இல்லை. வெறும் கை, அதில் ஒரு நீலக் கறை, அவ்வளவுதானே என்ற நினைப்பு. கண்ணாடி போட்டிருக்கவில்லை. எல்லாரிடமும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

பதினெட்டாம் தொட்டிக் கற்பகம் சாயா கிளாஸோடு வந்தாள். அவள் கையில் போன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா... இது நம்ம சமையக்காரச் சேட்டன் கோட்டுல்ல?"

"எது?"

"நீங்க போட்டது. இங்கப் பாருங்க, மூலையில."

கை மடிப்பின் ஓரத்தில், மழை நாள் வெளிச்சத்திலும் பளிச்சென்று, மூன்று புள்ளியும் ஒரு கொக்கியும். பெயர் எழுதி, விலாசமும் எழுதி, கீழே நோயையும் எழுதின மாதிரி. நாற்பத்திரண்டு தொட்டியில் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் உண்டு. இதைப் படிக்கத் தெரியாதவர்கள் ஒருத்தரும் இல்லை.

மூக்கம்மாள் போனைப் பால் கவரிலிருந்து பிடுங்கினாள். அழிக்க வேண்டும். எதை அழுத்துவது? ஈரக் கட்டைவிரல் வழுக்கியது. போன் இரண்டு வரியில் ஏதோ கேட்டது. எது முதலில் அகப்பட்டதோ அதை அழுத்தினாள். படம் மறைந்தது.

"போயிருச்சு" என்று மூச்சு விட்டாள்.

கற்பகம் தன் போனைக் காட்டினாள். அதில் படம் அப்படியே இருந்தது. அவள் அழித்தது அவளுக்கு மட்டும். ஐம்பத்தொரு பேர் உள்ள குழுவில், ஐம்பது பேரிடம் இருக்கிறது. போட்டவள் போனில் மட்டும் இல்லை. இனி அதை அழிக்கக்கூடியவர் அட்மின் ஒருவர்தான். அட்மின் ஹரிநாராயணன்.

அவரே வந்தார். குரலில் அல்ல, குழுவில் எல்லாரும் அடிக்கிற மலையாள எழுத்தில்: "குட். இது என்ன கறையாக்கும்? யாருடே கோட்?"

களம் முழுக்க அடிக்கிற சத்தம் ஒவ்வொரு கல்லாக நின்றது. அங்கங்கே ஈரக் கைகள் லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பது மூக்கம்மாளுக்குத் தெரிந்தது. இரண்டாவது செய்தி வந்தது: "போன தடவை நீலம் சரியா கலக்காம முக்கிட்டேளா? களத்துலே பட்டதுன்னா சொல்லுங்கோ. கோட்டோட விலை பிடிப்பேன்."

மூக்கம்மாளுக்குத் திடீரென்று அதில் ஒரு கதவு திறந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாம். நீலம் நான்தான் கொட்டினேன், தப்பு என்னோடது. ஹோட்டல் போகும். போகட்டும். மருந்து என்கிற வார்த்தை வராது. அவள் மைக்கை அழுத்தப் போனபோது திரையின் மேலே ஒரு வரி துடித்தது.

பாண்டித்துரை டைப் செய்கிறார்.

பாண்டித்துரை முப்பத்தொன்றாம் தொட்டி. அறுபது வயது. களத்தில் கறை என்றால் அவரைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லுவார். அந்த ஹோட்டல் துணி தனக்கு வர வேண்டுமென்று இரண்டு வருஷமாக அலைகிறவர். ஒற்றை விரலால் டைப் அடிப்பார். ஒரு வரி முடிக்க ஒரு சாயா ஆறிப்போகும். அன்றைக்கு மூக்கம்மாளுக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம் அந்த ஒற்றை விரல்தான்.

அவள் ஓடினாள். வரிசை வரிசையாகத் தொங்குகிற ஈர விரிப்புகள் முகத்தில் அறைந்தன. குனிந்து, ஒதுக்கி, யாரோ செருகிய தலையணை உறைகளைச் சேற்றில் தள்ளி, வழுக்கி, ஒரு கயிற்றைப் பிடித்து நின்று, மறுபடி ஓடினாள். பின்னால் சுபாஷிணி விழுந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்றாம் தொட்டியின் விளிம்பில் பாண்டித்துரை உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியிருந்தார். விரல் மேலே நின்றது.

"அண்ணாச்சி, நில்லுங்க. விரலை எடுங்க."

"என்ன மூக்கம்மா, இந்த வயசுல ஓட்டப் பந்தயமா?"

"என்ன எழுதுறீங்க?"

"மனுஷன் கேட்டிருக்காருல்ல, பதில் சொல்லாண்டாமா? கஞ்சித் துணியில மருந்து பட்டா நீலமாகும்னு கொச்சுப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதாக்கும்? நீலம் கொட்டினேன்னு அந்த ஆள் உன்மேல பழி போடுறாரு. நான் உனக்காகத்தான் எழுதுறேன்."

அது உண்மையா, நக்கலா என்று மூக்கம்மாளுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

"எனக்காக வேண்டாம். நான் நீலம் கொட்டினேன்னே எழுதுங்க."

"என்னது?"

"எழுதுங்கண்ணாச்சி. மூக்கம்மாளுக்குக் கை சரியில்ல, நீலம் கரைக்கத் தெரியாதுன்னு எழுதுங்க. ஹோட்டலை நீங்க எடுத்துக்கோங்க. ஏன், எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

பாண்டித்துரை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கை முறிந்து கிடந்த மூன்று மாசம் அவர் வீட்டுத் துணியையும் மூக்கம்மாள்தான் வெளுத்தாள். அது அவருக்கும் இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டுத் துணியும் உன் தொட்டிக்கு வந்துதே அன்னைக்கு. அதுல நீ என்ன கண்ட? இப்பச் சொல்லிக்கோ. என் வாயை அடைக்க அது போதுமே உனக்கு."

"என்ன கண்டேன்? துணி இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"ஒரு பனியன்ல ஓட்டை இருந்துச்சு. வேணும்னா அதை வெளிய சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்கச் சத்தம் போட்டார். "எடீ, எனக்கு தானம் பண்ண வந்துட்டியா? அந்த ஹோட்டலுக்காக ரெண்டு வருஷமா நான் நாக்கைத் தொங்கப் போட்டு அலையுறது வாஸ்தவம். அதுக்காக, இந்தக் களத்துல ஒருத்தி நீலம் கரைக்கத் தெரியாதவன்னு என் விரலால எழுதணுமா? இன்னைக்கு உனக்கு எழுதினா நாளைக்கு முப்பத்தொண்ணுக்கும் அதே பேருதான். போ அங்கிட்டு!"

எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அதற்கே மூன்று நிமிஷம் ஆனது. பிறகு ஓர் எழுத்தை மட்டும் அடித்து அனுப்பினார்.

மை.

கற்பகம் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தாள் போல, உடனே அவளுடையது வந்தது: மைதான் சார். அதற்கடுத்து ஐந்தாம் தொட்டி, இருபத்தாறு, நாற்பது. மை. மஷி. பால்பாயிண்ட். ஒருத்தர், பால் ஊற்றித் தேய்த்தால் போகும் என்றார். இன்னொருத்தர், பால் ஊற்றினால் எறும்புதான் வரும், உப்பும் எலுமிச்சையும் போடு என்றார். தயிர் என்றார் மூன்றாமவர். அவ்வளவுதான், தயிர்க் கட்சி, எலுமிச்சைக் கட்சி என்று களம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு பேரும் தங்கமான மனசுக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிப் பேர் குறியைப் படித்துவிட்டு வாயை மூடினார்கள். பாதிப் பேருக்கு ஹரிநாராயணனைப் பிடிக்காது. எட்டாம் தொட்டிக்காரர் உண்மையிலேயே அது மை என்று நம்பினார், இன்றும் நம்புகிறார்.

"மதி, மதி, போறும்" என்று ஹரிநாராயணன் கடைசியில் எழுதினார். "கிச்சன்லே இனிமே யாரும் பேனா வச்சுக்கப்படாது. யாருடே கோட்டுன்னு நான் அங்கே கேட்டுக்கறேன்."

தப்பித்தோம் என்று சுபாஷிணி குதித்தாள். மூக்கம்மாள் குதிக்கவில்லை. ஐம்பது போனில் அந்தக் கை இன்னும் கிடந்தது. அன்று முழுக்க அவள் கையும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. துணியைச் செருகினாள், உருவினாள், மறுபடி செருகினாள். யாராவது வாசலில் சைக்கிளை நிறுத்தினால் எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் ரமேஷ்பாபுவே வந்துவிட்டான். பேனா விசாரணை நடத்த ஹரிநாராயணன் சமையலறையில் எல்லாரிடமும் படத்தைக் காட்டியிருக்கிறார். தன் கை தனக்குத் தெரியாதா? அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கோட்டைக் குடுங்கக்கா. மத்தது இருந்தா அதையும்."

"தம்பி..."

"உங்க தொட்டியில போட்டா கிணத்துல போட்ட மாதிரின்னு நெனச்சேன்."

"நான்தான் போட்டேன். கண்ணாடி போடல. குறியைப் பாக்கல."

துணிக்கூடையோடு பக்கத்தில் நின்ற சுபாஷிணி அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவன் மூன்று கோட்டையும் ஈரம் காயாமலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். கேட் வரை போகிற அவன் முதுகையே மூக்கம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்குத் தோன்றிய முதல் யோசனை அவமானத்தைப் பற்றியது இல்லை. கஞ்சியைப் பற்றியது.

"ஐயோ, அவன் வீட்டுல வெறும் சோப்புப் போட்டு அலசுவான். கஞ்சி இல்லாட்டி மருந்து பழுப்பாவே நிக்குமே. பாக்கிற எவனுக்கும் தெரிஞ்சிருமே."

திங்கட்கிழமை, ஹோட்டல் துணி மூட்டையோடு சுபாஷிணியை அனுப்பும்போது, காகிதத்தில் மடித்துக் கஞ்சிமாவு கொடுத்துவிட்டாள். பின்வாசலில் ரமேஷ்பாபு அதை வாங்கிக்கொண்டான். கஞ்சி போடாமல் உடுத்தக் கூடாது, போட்டால் நீலமாகும், நீலமென்றால் மைதான் என்று சித்தி சொன்னதை சுபாஷிணி ஒப்பித்தாள். வேறு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோட்டு திரும்பி வந்தது. கூடவே அவனும்.

"கட்டி கட்டியா நின்னுச்சுக்கா. போட்டுக்கிட்டா அப்பளத்துக்குள்ள புகுந்த மாதிரி இருந்துச்சு. கையைத் தூக்கினா நொறுங்குற சத்தம். மாஸ்டர் சிரிக்காரு." தரையைப் பார்த்தபடி சொன்னான். "ஆனா குறி வேண்டாம். குறி இல்லாம வெளுக்கிறதுன்னா வெளுங்க."

அந்தக் களத்தில் குறி இல்லாத துணி அதுவரை ஏறியதில்லை. பறந்து போனால் வீடு தெரியாது. மூக்கம்மாள் புளிப்பு மருந்து போட்டுக் குறியை எடுத்தாள். அதிலிருந்து அந்தக் கோட்டு காய்கிற நேரமெல்லாம், அதன் பக்கத்திலேயே நின்றாள். வேறு வேலை கிடந்தாலும் நகர மாட்டாள். காற்று பலமாக அடித்தால் ஒரு கையால் அதன் கையைப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும் பார்க்க. ஒரு நாள் அவளிடம் அதைச் சொன்னதற்கு சுபாஷிணியின் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

ஐந்து வாரமும் அப்படித்தான் போயிற்று. ஊரில் விசேஷம் என்று ரமேஷ்பாபு லீவு போட்டான்; ஆவணி இரண்டாவது வாரம் ஆபரேஷன். கார்டு செல்லுபடியானது. பாண்டிச்செல்வி நாலாம் நாளே எழுந்து நடந்தாள். ரமேஷ்பாபு பத்தாம் நாள். அப்புறம்தான் அவனே ஹோட்டலுக்குப் போன் பண்ணிச் சொன்னான். திட்டு விழும் என்று பயந்தான். ஹரிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பை ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மனுஷர் நல்லவர்தான். போய், படுக்கையில் கிடக்கிறவனோடும் ஆரஞ்சோடும் படம் எடுத்து, அதைக் குழுவில் போட்டார்.

மூக்கம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். சுபாஷிணியைக் கூப்பிட்டு, வெளியே போவதற்கு எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். இந்தத் தடவை விரலைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். தண்ணீர் வருமா வராதா என்று இப்போது கற்பகத்திடம் சத்தம் போட்டுக் கேட்டுக்கொள்கிறாள். ஹரிநாராயணன் இரண்டு நாள் முறைத்தார். களத்தில் வேறு யாரும் கோட்டுக்கு அப்படிக் கஞ்சி போடாததால் மூன்றாம் நாள் துணி அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ரமேஷ்பாபுவிடம் கேட்டபோது, இனி மறைக்க என்ன இருக்கு, எழுதிக்கோ, இந்தி வகுப்பை மட்டும் விட்டுடு என்றான். விடவில்லை. மூக்கம்மாளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது, மலையாளம்தான் படிப்பாள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, சுபாஷிணி நோட்டை விரித்து முழுக்க வாசித்துக் காட்டினாள். மூக்கம்மாள் ஒரு வேட்டியை நாலாக மடித்தாள், அடுத்ததை எடுத்தாள். வாசித்து முடிந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமை வருதுல்ல, பத்து நாப்பது. அதை இன்னொருக்கா வாசி."

சுபாஷிணி வாசித்தாள். கொஞ்சம் வேகமாக.

"கண்ணாடி போடலைன்னு நான் சொன்னது ஊருக்குடி. அதை நீ எதுக்கு எழுதியிருக்க?"

"நீங்கதானே சித்தி சொன்னீங்க..."

"நான் சொன்னேன். நீ அங்கதானே நின்ன? அன்னைக்கு என் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கஞ்சிக்குள்ள கிடந்துச்சு. ஆணியில இருந்த போனை எடுத்தது யாரு?"

பக்கத்துக் கல்லில் யாரோ துணி அடித்தார்கள். சுபாஷிணி நோட்டின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"அந்த ஆள் வாயை அடைக்கலாம்னுதான்... வெறும் கைதானேன்னு நெனச்சேன் சித்தி. ஹோட்டல் போயிருமேன்னு..."

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நான் ஏத்துக்கிட்டேன். கஞ்சிமாவு கொண்டு போனியே, அப்ப சொன்னியா அவன்கிட்ட?"

"இல்ல."

"எழுதலாமான்னு கேக்கப் போனியே, அப்ப?"

சுபாஷிணி நோட்டை மூடினாள்.

"அவனோடதை மனசுல வச்சிருந்தேன், உன்னோடதையும் சேத்து வச்சிருந்தேன். நீ சின்னப் பிள்ளைன்னு. இப்ப அதைப் புத்தகமா எழுதி, என் பேரைப் போட்டு, எனக்கே வாசிச்சுக் காட்டுற." மூக்கம்மாள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள். "செருப்பைப் போட்டுக்கோ. அவன் ரூமுல இருப்பான், இந்நேரம் முழிச்சுத்தான் கிடப்பான். அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போ. எந்த வரி பொய்யின்னு நீயே காட்டு."